முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட வான்கோழி

கோமளாவுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு மாதம் காலை நீட்டி உட்கார ஓர் இடம். அது எந்த இடம் என்பதைக்கூட அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். மலாக்கா கிளேபாங்கில் மகள் ஷாந்தினி குடியிருக்கும் அடுக்குமாடி வீடு, மூன்றாவது மாடி. கடல் தெரிகிறது, காற்று வருகிறது என்று போனவர்கள் எல்லாரும் அந்த வீட்டைப் புகழ்ந்தார்கள். கோமளாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அந்த வீட்டில் மண் கிடையாது. ஒரு பிடி மண் கிடையாது. மண் இருந்தால் எதையாவது நட வேண்டும், நட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டும், வளர்ந்தால் பறிக்க வேண்டும், பறித்ததை யாராவது தின்றுதான் தீர வேண்டும். மண்ணே இல்லாத வீட்டில் மனிதர் உட்காரலாம்.

அவள் உட்கார்ந்தே பழகாதவள். பிறந்தது அலோர் காஜாவுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்து லயன் வீட்டில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது இவள் பள்ளிக்கூடக் கேண்டீனுக்கு வேலைக்குப் போனாள். முப்பது வயதிலிருந்து ஐம்பத்தைந்து வரை அடுப்பு முன்னால் நின்றாள். வேலையை விட்ட அன்று வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டு, அதில் உட்கார்ந்து, இனி இப்படித்தான் என்று நினைத்தாள். பாவம், நினைத்தாள்.

ஏனென்றால் அதே சமயத்தில்தான் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. நோய்க்குப் பயந்து நாடே கதவைச் சாத்திக்கொண்டது. தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற அவள் கணவர் தனபாலன், ஒரு நாள் பாசாருக்குப் போய்க் காய்கறி கிடைக்காமல் வெறும் பையோடு திரும்பி வந்தார். அன்று அவருக்குள் என்னவோ திறந்துகொண்டது.

"இனிமே கடைக்காரன நம்பி நாம வாழக்கூடாது கோமளா. நம்ம சோறு நம்ம நெலத்துல வரணும்."

நிலம் என்று அவர் சொன்னது மஸ்ஜித் தானா ஊருக்குப் போகும் சாலையை ஒட்டி, அவர் சேமிப்பை எடுத்து வாங்கிய வீட்டைச் சுற்றியிருந்த லாலாங் புல் மண்டிய துண்டு. முதலில் கத்திரியும் மிளகாயும் வந்தன. அதை யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு மரவள்ளி, முருங்கை, பூசணி. நீலத் தொட்டியில் கெலி மீன். நாட்டுக்கோழி. எல்லாம் போதாதென்று கடைசியில் வான்கோழி.

வீட்டுக்கு யார் வந்தாலும் தனபாலன் கொல்லையைச் சுற்றிக் காட்டுவார். "உப்பு ஒன்னுதாங்க கடையில வாங்குறோம்" என்பார். அரிசி, எண்ணெய், பருப்பு, சீனி, காப்பித்தூள் எல்லாம் அந்த உப்புக்குள் எப்படியோ அடங்கிவிடும். "நாங்க கொத்தினோம், நாங்க நட்டோம், நாங்க பறிச்சோம்" என்பார். வேலி அடித்ததும் கூண்டு கட்டியதும் அவர்தான், அதில் பொய் இல்லை. சுத்தியலைக் கையில் எடுத்தால் கெட்டிக்காரர். ஆனால் வேலியும் கூண்டும் ஒருமுறை செய்தால் முடிகிற வேலை. தினமும் முடியாமல் கிடக்கிற வேலை எல்லாம் அந்த 'நாங்க'வில் இருந்த இன்னொரு ஆளின் தலையில் விழுந்தது.

வான்கோழி மாதிரி ஒரு சள்ளை பிடித்த ஜீவனை அவள் பார்த்ததில்லை. கோழிக்குஞ்சு முட்டையை உடைத்துக்கொண்டு வந்ததும் தரையைக் கொத்தும். வான்கோழிக் குஞ்சுக்குத் தீனி என்பது என்னவென்றே தெரியாது. முன்னால் வைத்தாலும் பார்த்துக்கொண்டே நின்று பட்டினியில் சாகும். கோமளா குனிந்து, விரலால் தட்டில் தட்டித் தட்டி, இதுதான்டா சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் காட்ட வேண்டும். மழையில் நனைந்தால் சாகும். நாட்டுக்கோழியோடு சேர்ந்து மேய்ந்தால் சீக்கு வந்து சாகும். தப்பிப் பிழைத்துப் பெரிதானால், பெட்டை கூண்டில் முட்டையிடாமல் லாலாங்கில் ஒளித்து வைக்கும். உடும்பு மோப்பம் பிடிப்பதற்குள் இவள் தேடி எடுத்தாக வேண்டும். இவ்வளவு பாடுபட்டு அறுத்துச் சமைத்தால் ஒரே பறவை ஒரு வாரத்துக்கு வரும். குழம்பு, பிரட்டல், சூப் என்று பேர் மாற்றிப் போட்டாலும் நார் நாராக அதே கறி. ஷாந்தினி அந்த வாரங்களில் அம்மா வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

வான்கோழிச் சேவல் ஒன்று இருந்தது. நெஞ்சை நிமிர்த்தி, வாலை விசிறி, முகத்தில் தொங்கும் சதை சிவப்பும் நீலமுமாக மாற, கொல்லையை மேற்பார்வை பார்த்துக்கொண்டு நடக்கும். அரசாங்கம் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் 'டத்தோ' பட்டத்தைத் தனபாலன் அதற்குக் கொடுத்திருந்தார். பட்டம் அதற்குப் பொருந்தத்தான் செய்தது. யார் சத்தமாகப் பேசினாலும் டத்தோ பதில் சொல்லும். லோரி ஹார்ன் அடித்தாலும் பதில் சொல்லும்.

முட்டி வலி ஆரம்பித்து, கிளினிக்கில் "வேலையக் கொறைங்கம்மா" என்று சொன்ன நாளிலிருந்து கிளேபாங் ஆசை வந்தது. ஷாந்தினி கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தாள். கோமளா பையைக் கட்டுவாள். அன்று பார்த்துக் குஞ்சு பொரிக்கும். பையை அவிழ்ப்பாள். அடுத்த முறை கட்டும்போது மழை பிடித்துக்கொள்ளும். அந்தப் பை கட்டி அவிழ்த்தே நைந்துபோனது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது தனபாலனுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் என்னவோ இறங்குகிறது, இன்னும் இறங்குகிறது என்று ஷாந்தினி அங்கிருந்து போன் பண்ணினாள். "அம்மா, சீக்கிரம் வாங்கம்மா" என்றபோது அவள் குரல் சின்னப் பிள்ளையாய் இருந்த காலத்துக் குரல் போலிருந்தது.

கோமளா அப்போது தீனிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லையில் நின்றாள். தான் பிறந்த ரப்பர் தோட்டத்து முனியாண்டி கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்தாள். அடக்க முடியாமல் சத்தமாகவே சொன்னாள்.

"முனியாண்டி, அப்பா, அவர நல்லபடியா வீட்டுக்கு அனுப்பி வச்சிடு. என் வீட்ல இருக்கிறதுலயே பெரிய சேவல ஒங் காலடியில கொண்டாந்து விடுறேன்."

சொல்லி முடித்ததும் டத்தோ கழுத்தை நீட்டிக் களகளவென்று பதில் சொன்னது.

அவள் மனதில் இருந்தது செம்பட்டை நிற நாட்டுச் சேவல்தான். முனியாண்டிக்கு எல்லாரும் விடுவது அதைத்தான். தனபாலன் தேறி, இளைத்துக் கறுத்து வீடு வந்து சேர்ந்தார். ஆனால் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அவள் அலைந்த நாட்களில் ஒரு மலைப்பாம்பு கூண்டுக்குள் புகுந்து செம்பட்டையை விழுங்கியிருந்தது. மிஞ்சியது கொஞ்சம் இறகு. அப்போதுதான் கோமளா தன் வாயிலிருந்து வந்த வார்த்தையைத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். செம்பட்டை என்று சொல்லவில்லை. நாட்டுச் சேவல் என்றும் சொல்லவில்லை. பெரிய சேவல் என்றுதான் சொன்னாள். வீட்டில் இருப்பதிலேயே பெரிய சேவல் அன்றும் டத்தோதான், இன்றும் டத்தோதான்.

பூசாரி வீராசாமியிடம் போய்க் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். தன் காலத்தில் ஆடு பார்த்திருக்கிறார், கோழி பார்த்திருக்கிறார், ஒருமுறை புறாகூடப் பார்த்திருக்கிறார்.

"அண்ணே, நாட்டுச் சேவல் ஒன்ன வெளிய வாங்கி விட்டுட்டா?"

"வீட்ல இருக்கிறதுன்னு சொன்னியா, வாங்கிட்டு வர்றேன்னு சொன்னியா?"

"வீட்ல இருக்கிறதுன்னுதான்."

"அப்ப என்னா கேள்வி தங்கச்சி? முனியாண்டி நீ மனசுல நெனச்சத பாக்க மாட்டாரு. வாயில வந்ததத்தான் புடிச்சுக்குவாரு. பெரிய சேவல்னா பெரிய சேவல்தான். இப்பல்லாம் வெட்டுறது இல்ல, திருவிழாவுல ஏலம் விட்டுருவோம். ஒன்னு மட்டும் நெனப்புல வச்சுக்க. குடுத்த கை திரும்பத் தொடக்கூடாது."

தனபாலன் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி, உடம்பில் இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பையும் இந்த வாதத்துக்கே செலவழித்தார்.

"சேவல்னா அது கோழி சாதி. இது வேற சாதிலா. ஒன்னும் தெரியாதவ மாதிரி பேசாத."

"வான்கோழின்னுதானே சொல்றோம். கோழின்னு அதுலயே இருக்குல்ல."

"அது சும்மா பேருக்கு. தமிழ்ல அப்படி வச்சிட்டாங்க."

"பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சேக் என்னா சொல்லுது? ஆயாம் பெலாண்டா. ஆயாம்னா என்னாங்க?"

மலாய்க்காரர்கள் அதை டச்சுக்காரன் கோழி என்கிறார்கள், தமிழர்கள் வான்கோழி என்கிறார்கள். இரண்டு மொழியும் ஒன்று சேர்ந்து சாட்சி சொன்னால் மனிதர் என்ன செய்வார். கடைசியில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னார்.

"சரி, குடுத்துட்டு வா. டத்தோ போனா வான்கோழி வேலை அதோட முடிஞ்சிச்சி. பெட்டை ரெண்டையும் யாருக்காச்சும் குடுத்துடலாம். நீ ஷாந்தினி வீட்டுக்குப் போயி காலை நீட்டிக்கிட்டு ஒக்காரு."

கோமளா அந்த வார்த்தையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டாள். பெரிய சேவல் என்று தன் வாயில் வந்தது பக்தியிலா அலுப்பிலா என்று சில சமயம் அவளுக்கே சந்தேகம் வந்தது. அதைத் தோண்டிப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. பையைக் கட்டினாள்.

திருவிழா அன்று காடியின் பின்சீட்டு முழுக்கத் தேங்காயும் வாழைத்தாரும் நிறைந்துவிட்டன. டத்தோவைக் காலைக் கட்டி முன்சீட்டில் கோமளா மடியில் வைத்தார்கள். மடி கொள்ளாத கனம். வழியெல்லாம் வால் இறகு அவள் மூக்கில் உரசியது. முட்டி விண்விண்ணென்று தெறித்தது. இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டு தாங்கினாள். தனபாலன் ஓட்டிக்கொண்டே டத்தோவை அடிக்கடி திரும்பிப் பார்த்தார்.

செம்பனைக்கு நடுவில் பழைய அரசமரத்தடியில் முனியாண்டி. இப்போது தகரக் கூரை, ஒலிபெருக்கி, நாற்காலிகள் எல்லாம் உண்டு. ஷாந்தினி கிளேபாங்கிலிருந்து தன் காடியில் வந்திருந்தாள். அம்மாவின் பையை முதலில் வாங்கித் தன் காடியில் வைத்துப் பூட்டினாள். அனுபவசாலி.

டத்தோவைக் கொண்டு போய்ச் சாமி முன்னால் நிறுத்தினார்கள். வீராசாமி மஞ்சள் தண்ணீரை வேப்பிலையால் அதன் தலையில் தெளித்தார். பறவை உடம்பை உலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று பொருள். நாட்டுச் சேவல் என்றால் உடனே உலுக்கிவிடும். டத்தோ உலுக்கவில்லை. கழுத்தை ஒரு பக்கமாய்ச் சாய்த்து வீராசாமியை மேலும் கீழும் பார்த்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மறுபடி தெளித்தார். அசையவில்லை. அது உலுக்காவிட்டால் வேண்டுதல் பாக்கி நிற்கும், கிளேபாங் கைவிட்டுப் போகும், குஞ்சு பொரிக்கும், எல்லாம் முதலிலிருந்து. உலுக்குடா, உலுக்கித் தொலைடா என்று உதட்டுக்குள் கெஞ்சினாள். வீராசாமி சொம்போடு கவிழ்த்துவிட்டார். டத்தோ சிலிர்த்து உலுக்கியதில் முன்வரிசை முழுக்க மஞ்சள் தண்ணீர் தெறித்தது. மேளம் முழங்கியது. மேளத்துக்கும் டத்தோ பதில் சொன்னது.

கோமளா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகு முழுவதையும் சாய்த்து உட்கார்ந்தாள்.

பூஜை முடிந்து ஏலம் தொடங்கியது. எலுமிச்சம்பழம் போயிற்று, சாமிக்குச் சாத்திய வேட்டி போயிற்று, ஒரு கிடாக்குட்டி போயிற்று. பிறகு டத்தோ வந்தது. மஸ்ஜித் தானாவில் கடை வைத்திருக்கும் ஒருவர் முதலில் கேட்டார். "பெரிய சைஸ்லா, கடை ஆளுங்க எல்லாருக்கும் கறிக்கு ஆகும்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சத்தமாகவே சொன்னார். போட்டிக்கு ஆள் இல்லை. ஒலிபெருக்கியில் ஒருதரம் என்றார்கள். ரெண்டுதரம் என்றார்கள்.

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. மெலிந்த கை, சட்டைக் கை அதில் தொளதொளவென்று தொங்கியது. கோமளா திரும்பிப் பார்க்குமுன்பே அது யாருடைய கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். கூட்டம் கைதட்டியது. கடையில் உப்பைத் தவிர எதையும் வாங்காத மனிதர், தன் கொல்லையில் வளர்ந்த பறவையைத் தானே விலைக்கு வாங்கி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு காடிப் பக்கம் வந்தார். டத்தோவின் கழுத்தில் மாலை வேறு.

"கோமளா, ஏறு. மடியில வச்சிக்க. கால் கட்டு அவுந்து போச்சி, யாராச்சும் புடிச்சிக்கணும்."

கோமளா எழுந்து வந்து காடிக் கதவருகில் நின்றாள். கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. கோபப்படக்கூட ஒரு தெம்பு வேண்டும்.

"நான் தொடமாட்டேங்க" என்றாள். "சாமிக்குக் குடுத்தது. குடுத்த கை திரும்பத் தொடக்கூடாது."

தனபாலன் வீராசாமியைப் பார்த்தார். பூசாரி தேங்காய் மூடிகளை அடுக்கிக்கொண்டே, "அது அப்படித்தான் தம்பி" என்றார்.

"அப்ப தீனி யாரு வைக்கிறது?"

"ஏலத்துல எடுத்தவங்கதான் தம்பி."

தனபாலன் அங்கேயே நின்றார். டத்தோ அவர் தோளுக்கு மேலே தலையை வைத்துக்கொண்டு எல்லாரையும் பார்த்தது. அவர் குரலை இறக்கினார்.

"கறின்னு சொல்லிட்டான் கோமளா. மனசு ஒப்பல. எனக்குப் பதிலா இது சாவுதேன்னு நெனச்சேன். அங்க பெட்டுல கெடந்தப்ப... பயந்து போயிருந்தேன்லா. சொல்லல ஒங்கிட்ட."

கோமளாவுக்கு நெஞ்சு இளகியது. இத்தனை வருடத்தில் பயந்தேன் என்று அவர் சொல்லி அவள் கேட்டதில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், கையை நீட்டி அந்தப் பறவையை வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது. முட்டி அப்போது ஒரு வெட்டு வெட்டியது.

"ஒங்களுக்குப் பதிலா போறதுக்கு இது இருந்திச்சி" என்றாள். "எனக்குப் பதிலா வேலை பாக்குறதுக்கு யாருங்க இருக்கா?"

சத்தமாகச் சொல்லாததால் டத்தோகூடப் பதில் சொல்லவில்லை. கோமளா மெதுவாக நடந்து போய் ஷாந்தினியின் காடியில் ஏறினாள். பின்னால் திரும்பிப் பார்த்தபோது, வீராசாமியும் தனபாலனுமாகச் சேர்ந்து டத்தோவைத் தேங்காய்க் கூடையில் அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கிளேபாங் வீட்டில், மகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், கோமளா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தாள். போன் அடித்தது. ஷாந்தினி எடுத்து, சத்தத்தைப் பெரிதாக வைத்துவிட்டு, தலை வாரிக்கொண்டே பேசினாள்.

"என்னா அப்பா?"

"அம்மாகிட்ட கேளு, அரிசிக் குருணை எங்க இருக்கு? கங்கோங் கீரைய வெட்டிப் போடணுமா, அப்படியே போடணுமா? கூண்டுக் கொண்டி வேற தொறக்க மாட்டேங்குது."

"நீங்க செஞ்ச கொண்டிதானே அப்பா."

"நான்தான் செஞ்சேன். நான் எப்ப தொறந்தேன்?"

அவர் குரல் உயர்ந்ததும் பின்னாலிருந்து டத்தோ களகளவென்று கத்தியது. பசிச் சத்தம். கோமளாவுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

அந்தச் சத்தம் கேட்டதும் அவள் எழுந்துவிட்டாள். கால் இரண்டும் தானாகத் தரையில் இறங்கி, செருப்பைத் தேடிக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டன. கை தீனிச் சட்டிக்காக இடுப்புப் பக்கம் வந்தது. கதவைத் திறந்தால் வெறும் சிமெண்டு நடைபாதை, எதிர்வீட்டுக் கதவு, மின்தூக்கி. மண் இல்லை. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை, அலுப்பில் வருகிற அழுகை. நிறுத்தத் தோன்றவில்லை.

"அம்மா, அப்பாவுக்கு என்னா சொல்றது?"

கோமளா கதவைச் சாத்தினாள். செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தாள். நாற்காலிக்குத் திரும்பி வந்து, ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி மேலே வைத்தாள்.

"குருணை அடுப்புக்குக் கீழ இருக்கு. கீரைய வெட்டிப் போட சொல்லு" என்றாள். "கொண்டிய மேல தூக்கித் தள்ளணும். தெனமும் தள்ளினா பழகிடும்."